திருத்தியும் திரும்பி வரும் பிழை

கேள்வி: வணக்கம் சேர். திருகோணமலை உப்புவெளியில் மாலை நேர ஆங்கில வகுப்பு ஒன்றை நடத்துகிறேன். ஒன்பது பேர் வருகிறார்கள். ஹோட்டல் வரவேற்பு மேசையில் வேலை செய்பவர், வங்கி உத்தியோகத்தர், தாதி, தொண்டு நிறுவனத்தில் அறிக்கை எழுதுகிறவர், வெளிநாட்டில் மேற்படிப்புக்காக ஐ.ஈ.எல்.டி.எஸ். எழுதவிருக்கும் கம்பஸ் பட்டதாரிகள் இருவர் என்று எல்லோரும் ஆங்கிலத்தில் தடங்கலின்றிப் பேசுகிறவர்கள்தான். ஆனால் ஒரு வருடமாக அதே பத்துப் பிழைகள்: 'டிஸ்கஸ் அபவுட்', 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்', 'ஷீ டோன்ட்'. திருத்தினால் "ஓம் டீச்சர்" என்று தலையாட்டுகிறார்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை அதே பிழையோடு வருகிறார்கள். கட்டுரைகளில் சிவப்பு மையால் திருத்தி எழுதிக் கொடுத்தும் பார்த்துவிட்டேன். இலக்கணத்தை மறுபடி முதலிலிருந்து நடத்தவா? அல்லது குறை என்னிடம்தானா?
பி.கு.: 'ஐ ஆம் கமிங் ஃப்ரம் டிரிங்கோமலி' என்பது பிழையா சேர்? இங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.
– ஒரு வாசகி, உப்புவெளி

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

இலக்கணத்தை முதலிலிருந்து நடத்த வேண்டாம். உங்கள் ஒன்பது பேருக்கும் விதி தெரியும். சந்தேகமென்றால் ஒரு தாளில் 'ஷீ' என்று எழுதி, கோடிட்ட இடத்துக்கு 'டோன்ட்', 'டஸன்ட்' இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்யச் சொல்லுங்கள். ஒன்பது பேரும் சரியாகப் போடுவார்கள். பிறகு தாளை மடித்து வைத்துவிட்டு அந்தத் தாதியிடம், மகள் ஏன் பள்ளிக்கூடத்தில் சாப்பிடாமல் வருகிறாள் என்று கேளுங்கள். 'ஷீ டோன்ட் லைக்' என்று வந்து விழும். சற்று முன் தாளில் சரியாக எழுதிய அதே ஆள்தான். மகளைப் பற்றிய கவலை முன்னால் வந்து நின்றதும் விதி பின்வரிசைக்குப் போய்விட்டது.

குறை உங்களிடமா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. அந்தப் பிழைகளால் உங்கள் மாணவர்களுக்கு இதுவரை ஒரு நட்டமும் வரவில்லை, அதுதான் காரணம். விருந்தினருக்கு அறை கிடைத்தது, நோயாளிக்கு ஊசி போடப்பட்டது, வங்கியில் கணக்குத் திறக்கப்பட்டது. பொருள் போய்ச் சேர்ந்துவிட்டால் வாயும் காதும் வேறெதையும் கேட்பதில்லை. லாரி செலிங்கர் என்ற அமெரிக்க மொழியியலாளர் 1972இல் இதற்கு 'ஃபாசிலைசேஷன்' என்று ஒரு பெயர் வைத்தார். பழைய உயிரின் உருவம் பாறைக்குள் கல்லாகிப்போவதைப் போல, கற்கும் மொழியில் சில வடிவங்கள் அரைகுறையாகவே இறுகிவிடுகின்றன என்பது அவர் சொன்ன ஒப்புமை.

1983இல் ரிச்சர்ட் ஷ்மிட் என்பவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஹவாயில் குடியேறிய ஒரு ஜப்பானிய ஓவியரை ஏறக்குறைய மூன்று வருடம் கவனித்து எழுதியது. அந்த ஓவியர் எவரிடமும் தயங்காமல் ஆங்கிலம் பேசுவார், நகைச்சுவை சொல்வார், வியாபாரம் பேசி முடிப்பார். மூன்று வருடத்தில் அவருடைய பேச்சுத்திறன் நன்றாக வளர்ந்தது. இலக்கணமோ கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே நின்றது. உங்கள் ஹோட்டல் மாணவரை நான் பார்த்ததில்லை, ஆனால் அந்தக் கட்டுரையில் சந்தித்திருக்கிறேன் என்று நினைக்கிறேன். ஷ்மிட் பிறகு பிரேசிலுக்குப் போய்த் தானே போர்த்துக்கேய மொழி கற்றார். அன்றாடம் நாட்குறிப்பும் எழுதினார். பிறர் வாயிலிருந்து ஒரு வடிவத்தைத் தான் தனியாகக் கவனித்தபிறகே அது தன் பேச்சுக்குள்ளும் வந்தது என்று அந்தக் குறிப்புகளில் கண்டார். வெறுமனே காதில் விழுந்துகொண்டிருந்தவை வரவேயில்லை.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது, திருத்துவதைக் குறைத்து அவர்களைக் கேட்க வைப்பது. இதில் நானும் குற்றவாளிதான். ஆசிரியப் பயிற்சி வகுப்புகளில் எத்தனையோ வருடம் 'கோப் அப் வித்' என்று முழங்கியிருக்கிறேன். நடுவில் அந்த 'அப்' கிடையாது. ஒருவரும் திருத்தவில்லை. மரியாதையாக இருக்கலாம், அவர்களும் அப்படியே சொல்லிக்கொண்டிருந்ததாலும் இருக்கலாம். ஒருநாள் ஒரு மாணவி அகராதியைக் கையில் வைத்துக்கொண்டு, "சேர், இதில் அப்படி இல்லையே" என்றார். அகராதியில்தான் அச்சுப் பிழை என்று சில விநாடி உண்மையாகவே நம்பினேன்.

உங்கள் திருத்தங்கள் எப்படி நடக்கின்றன என்று யோசித்துப் பாருங்கள். மாணவர் 'வீ டிஸ்கஸ்ட் அபவுட் த சாலரி' என்கிறார். நீங்கள் புன்னகையோடு, "ஓ, யூ டிஸ்கஸ்ட் த சாலரி" என்கிறீர்கள். அவர் 'யெஸ்' என்று சொல்லிவிட்டுச் சம்பளக் கதையைத் தொடர்கிறார். நீங்கள் திருத்தினீர்கள் என்பதே அவருக்குத் தெரியாது; தான் சொன்னதை ஆமோதித்தீர்கள் என்று எண்ணிக்கொள்கிறார். கனடாவில் பிரெஞ்சு மொழியில் பாடம் கற்கும் பிள்ளைகளின் வகுப்புகளை ஆராய்ந்து ராய் லிஸ்டர், லைலா ரான்டா ஆகிய இருவரும் 1997இல் எழுதினார்கள். ஆசிரியர்கள் செய்த திருத்தங்களில் பாதிக்கு மேல் இப்படி மெதுவாகச் சரிசெய்து திருப்பிச் சொல்லும் வகைதான். பிள்ளைகளிடம் மிகக் குறைவாக எடுபட்டதும் அதே வகைதான். சரியான வடிவத்தைத் தராமல், "எப்படிச் சொன்னீர்கள்?" என்று நிறுத்தி, பிள்ளையின் வாயிலிருந்தே வரவழைத்தபோது நிலைமை மாறியது. நீங்களும் வாயைக் கட்டுங்கள். 'வீ டிஸ்கஸ்ட்...' என்று பாதியில் இழுத்துவிட்டு அவரைப் பாருங்கள். ஐந்து விநாடி மௌனம் ஆசிரியருக்குத்தான் நீளமாகத் தெரியும்.

இதைவிட நான் அதிகம் நம்புவது கைத்தொலைபேசியை. சில வருடங்களுக்கு முன் என் வகுப்பிலும் ஹோட்டலில் வேலை செய்யும் ஓர் இளைஞர் இருந்தார். நேற்றைய வேலையைப் பற்றி ஒரு நிமிடம் பேசிப் பதிவு செய்யச் சொன்னேன். பிறகு அதைக் கேட்டு, சொல்லுக்குச் சொல் கொப்பியில் எழுதச் சொன்னேன். பதிவில் அவர் சொன்னது: 'யெஸ்டர்டே ஐ செக் த ரூம் அண்ட் சேன்ஜ் த பல்ப்.' கொப்பியில் எழுதியிருந்தது: 'ஐ செக்ட் த ரூம் அண்ட் சேன்ஜ்ட் த பல்ப்.' கை தானாகவே திருத்திவிட்டது, காதும் அதற்குச் சாட்சி சொல்லிவிட்டது. எழுதியதற்கும் பேசியதற்கும் வித்தியாசம் இருக்கிறது, மறுபடி கேளுங்கள் என்று மட்டும் சொன்னேன். இரண்டாம் முறை ஒன்றும் இல்லை என்றார். மூன்றாம் முறை புருவம் சுருங்கியது. நான்காம் முறை பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "சேர், அந்த 'ட்' எங்கே போனது?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை அவரே கேட்க வேண்டும் என்றுதான் காத்திருந்தேன். நான் கேட்டிருந்தால் 'ஓம் சேர்' என்றிருப்பார். அதன்பின் ஒரு மாதம் அவருக்கு வேறு எந்தப் பிழையையும் நான் சுட்டவில்லை. அந்த 'ட்' ஒன்றை மட்டும் துரத்தினோம்.

ஆகவே உங்கள் வகுப்பில் ஆளுக்கு ஒரு பிழை, மிஞ்சினால் இரண்டு. பத்தையும் ஒரே நாளில் பிடிக்கப் போனால் பத்தும் நழுவும். எந்தப் பிழை என்பதை அவரவர் பதிவைக் கேட்டு அவரவரே தெரிவு செய்யட்டும்.

பிழை அகப்பட்டதும், அதற்கு அடியில் என்ன தமிழ் ஓடுகிறது என்று பாருங்கள். ஆங்கிலத்தை மட்டும் தெரிந்த ஆசிரியருக்கு இல்லாத வசதி இது, நாம் பயன்படுத்தாமல் விடுகிறோம். 'ஷீ டோன்ட்' என்பதையே எடுங்கள். நான் சாப்பிடுவதில்லை, அவள் சாப்பிடுவதில்லை, அவர்கள் சாப்பிடுவதில்லை. தமிழில் இந்த எதிர்மறை ஆளுக்கு ஆள் மாறுவதில்லை. தாதியின் நாக்கு தமிழ்க் கணக்கில் சரியாகத்தான் நடந்துகொள்கிறது. இதை அவரிடம் சொல்லிப் பாருங்கள், முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். தான் மக்கு இல்லை என்று தெரிந்த பிறகுதான் பெரியவர்கள் தங்கள் பிழையை நேராகப் பார்ப்பார்கள்.

'டிஸ்கஸ் அபவுட்' வருவது நம்முடைய 'பற்றி'யால். 'சம்பளம் பற்றிக் கலந்துரையாடினோம்' என்பதை அப்படியே கொண்டுபோகிறோம். 'கலந்துரையாடு' என்பதற்குப் பதிலாக 'அலசு' என்ற சொல்லைக் கொடுங்கள். 'பிரச்சினையை அலசினோம்' என்போம், 'பிரச்சினை பற்றி அலசினோம்' என்று சொல்ல மாட்டோம். 'டிஸ்கஸ்' என்றால் அலசு. 'பற்றி'க்கு அங்கே இடமே இல்லாமல் போகிறது. என் வகுப்பில் இந்த ஒரு சொல் செய்த வேலையை இருபது பயிற்சித் தாள்கள் செய்யவில்லை.

உங்கள் அறிக்கைக்காரர் 'வீ ஹேட் சென்ட் த ரிப்போர்ட் லாஸ்ட் வீக்' என்று எழுதுகிறாரா? எழுதுவார், பந்தயம் கட்டுகிறேன். நம் அலுவலகத் தமிழில் 'கடந்த வாரம் அறிக்கையை அனுப்பியிருந்தோம்' என்பது சாதாரணம், கொஞ்சம் மரியாதையாகக்கூட ஒலிக்கும். ஆங்கிலத்தில் அந்த 'ஹேட்' கடந்த காலத்து வேறொரு நிகழ்ச்சிக்கு முந்தியதைச் சொல்வதற்கு உரியது. படிக்கிறவர், அனுப்பியிருந்தீர்கள், அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று அடுத்த வரிக்குக் காத்திருப்பார். வரி வராது. 'வீ சென்ட்' போதும். அவர் சென்ற மாதம் அனுப்பிய பத்து மின்னஞ்சல்களை அவரையே திறக்கச் சொல்லி, 'ஹேட்' வருமிடங்களை எண்ணச் சொல்லுங்கள். எண்ணும்போதே சிரிப்பார்.

'ஐ டோன்ட் நோ வேர் இஸ் ஹீ' என்பதும் இந்த இனம்தான். 'அவர் எங்கே இருக்கிறார்?' என்ற கேள்வியை அசைக்காமல், பின்னால் 'என்று தெரியாது' என ஒட்டிவிட்டால் தமிழில் வேலை முடிந்தது. ஆங்கிலத்தில் உள்ளே போன கேள்வி தன் கேள்வி வரிசையைக் கழற்றிவிட்டுப் போக வேண்டும்: 'வேர் ஹீ இஸ்'.

'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்' என்பதற்கு மட்டும் தமிழின் மீது பழி போட முடியாது. 'என் நண்பர்களில் ஒருவர்' என்று தமிழ் தெளிவாகவே பன்மை சொல்கிறது. அந்தக் 'களில்' என்பதைக் காட்டினால் போதும். பிழையின் வேர் காதில் இருக்கிறது. சொல்லின் கடைசியில் மெய்யெழுத்துகள் குவிந்தால் நம் காதுக்கு அவை சரியாக அகப்படுவதில்லை. 'செக்ட்' என்பதில் 'ட்' தொலைந்ததும் அதனால்தான்.

ஆங்கிலத்தின் 'அ', 'த' என்னும் இரண்டு சிறு சொற்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் உங்கள் பட்டதாரிகளின் கட்டுரைகளில் அவைதான் நிறைந்திருக்கும். 'அவர் வீடு வாங்கினார்' என்றால் ஏதோ ஒரு வீடு. 'அவர் வீட்டை வாங்கினார்' என்றால் நாம் ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்த அந்த வீடு. அந்த 'ஐ' உருபு செய்யும் வேலை ஏறத்தாழ 'த' செய்யும் வேலை. ஆட்களுக்கு இது பொருந்தாது, அவர்களுக்கு எப்படியும் 'ஐ' போடுகிறோம். எழுவாய்க்கு உருபே இல்லை. ஆகவே இதை விதியாகக் கற்பிக்காதீர்கள். தமிழ்க் காதுக்குள் அந்த வேறுபாடு ஏற்கெனவே இருக்கிறது என்று காட்டினால் போதும். தேர்ச்சியடைந்தவர்களுக்கும் கடைசிவரை முழுமையாகப் பிடிபடாத இடம் இது. அதற்காக மனம் நோகாதீர்கள்.

வகுப்பில் ஒன்பது பேருக்கும் சேர்த்துச் செய்ய ஒன்று சொல்கிறேன். ஐந்தாறு வரிப் பந்தி ஒன்றை இயல்பான வேகத்தில் இரண்டு முறை வாசியுங்கள். முதல் முறை பேனாவைத் தொட வேண்டாம், இரண்டாம் முறை முக்கியச் சொற்களை மட்டும் குறிக்கலாம். பிறகு இருவர் மூவராகச் சேர்ந்து அந்தப் பந்தியைத் தாங்களாகக் கட்டி எழுதட்டும். கடைசியில் மூலத்தை அருகில் வைத்து ஒப்பிடட்டும். உங்கள் ஊர் பிரெட்ரிக் கோட்டை மான்களைப் பற்றி இப்படி ஒரு பந்தி வைத்திருக்கிறேன். மூலத்தில் 'மெனி டியர் லிவ் இன்சைட் த ஃபோர்ட்' என்று இருக்கும். திரும்பி வருவது, அநேகமாக எல்லாக் குழுவிலிருந்தும், 'மெனி டியர்ஸ் ஆர் லிவிங் இன்சைட் த ஃபோர்ட்.' கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியெல்லாம் பார்த்து வளர்ந்த மான்கள், ஒன்றா இரண்டா, 'ஸ்' போடாமல் விட மனம் வருமா? ஒரு மானும் 'டியர்', நூறு மானும் 'டியர்' என்பதை அந்த ஒப்பீட்டில் பார்த்தவர் மறப்பதில்லை. 'வாழ்கின்றன' என்பது 'ஆர் லிவிங்' ஆகிவிட்டதையும் அவர்களே கண்டுபிடிப்பார்கள். எப்போதும் நடப்பதற்கு 'லிவ்' போதும். நீங்கள் ஒரு வார்த்தையும் பேச வேண்டியதில்லை, அது கடினம்தான்.

சிவப்பு மையைப் பற்றி. கட்டுரையில் இலக்கணப் பிழை திருத்தம் பயனற்றது, ஏன் கேடானதும்கூட என்று 1996இல் ஜான் ட்ரஸ்காட் என்பவர் எழுதப்போய், டானா ஃபெரிஸ் மறுப்பு எழுத, அந்த வாதம் நெடுநாள் நடந்தது. நான் இருவருக்கும் நடுவில் நிற்கிறேன். சரியான சொல்லை நீங்களே எழுதிக் கொடுத்தால் மாணவர் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டுத் தாளை மடித்து வைப்பார். பிழை உள்ள வரியின் ஓரத்தில் ஒரு புள்ளி மட்டும் வையுங்கள். எங்கே, என்ன என்பதை அவர் தேடட்டும். உங்கள் நேரமும் மிஞ்சும். அனுப்புமுன் கட்டுரையைக் கடைசி வாக்கியத்திலிருந்து மேல்நோக்கி வாசிக்கச் சொல்லுங்கள். கதை அறுந்துபோனால்தான் கண் எழுத்தைப் பார்க்கும். ஐ.ஈ.எல்.டி.எஸ். எழுதுகிற இருவருக்கும் இது உடனே உதவும். அந்தப் பரீட்சையில் எழுத்துக்கும் பேச்சுக்கும் தனித்தனியே நான்கு அளவுகோல்கள் உண்டு. இலக்கணத்தின் வீச்சும் திருத்தமும் இரண்டிலும் நான்கில் ஒன்று.

எல்லாவற்றையும் திருத்தவும் வேண்டாம். வழு, வழாநிலை, வழுவமைதி என்று மூன்று வைத்திருக்கிறது நம் இலக்கணம். பிழைதான், ஆனால் வழக்கில் ஊன்றிவிட்டதால் ஏற்றுக்கொள்ளலாம் என்பது மூன்றாவது. 'கசின் பிரதர்' அப்படிப்பட்டது. ஆணா பெண்ணா என்று சொல்லாமல் ஓர் உறவைக் குறிப்பிட நமக்கு வாய் வராது. இந்த ஊரிலும் சென்னையிலும் அது செல்லும். லண்டனில் கேட்பவர் ஒரு கணம் விழித்துவிட்டுப் புரிந்துகொள்வார். பரீட்சைக்காரர்கள் இருவருக்கு மட்டும் 'கசின்' போதும் என்று சொல்லி வையுங்கள், மற்ற ஏழு பேரையும் அவர்கள் அண்ணன் தம்பிகளோடு நிம்மதியாக விடுங்கள்.

இன்னொன்றுக்கும் தயாராக இருங்கள். வகுப்பில் ஒழிந்த பிழை வேலையில் திரும்பி வரும். வரவேற்பு மேசையில் ஒருவர் கோபத்தோடு நிற்கும்போது எந்த 'ட்'டும் நினைவில் நிற்காது. அவசரத்தை வகுப்புக்குள்ளேயே கொண்டுவாருங்கள். ஒரே விஷயத்தை முதலில் நான்கு நிமிடம், வேறொருவரிடம் மூன்று நிமிடம், இன்னொருவரிடம் இரண்டு நிமிடம் என்று சொல்லச் செய்யுங்கள். என்ன சொல்வது என்று தேடும் வேலை இரண்டாம் முறையிலேயே குறைந்துவிடும். எப்படிச் சொல்கிறோம் என்பதைக் கவனிக்க அப்போது கொஞ்சம் மனம் மிஞ்சும். மூன்றாவதைப் பதிவு செய்து கேட்கட்டும். கூட்டத்தின் முன்னால் யாரையும் நிறுத்தித் திருத்தாதீர்கள். உங்கள் வங்கிக்காரரின் வாடிக்கையாளர் ஒருவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கலாம், ஊர் சிறியது.

பின்குறிப்புக்கு வருகிறேன். எந்த ஊர் என்று ஒருவர் கேட்டால் 'ஐ கம் ஃப்ரம் டிரிங்கோமலி', அல்லது 'ஐ ஆம் ஃப்ரம்'. 'ஐ ஆம் கமிங் ஃப்ரம் டிரிங்கோமலி' என்பதும் ஓரிடத்தில் சரி: இரவு ரயிலில் போய் விடியற்காலையில் கொழும்புக் கோட்டை நிலையத்தில் பையோடு இறங்கி நிற்கும்போது.